உலக முடிவுப் படங்கள்: அவை எந்த ஆண்டின் கதை?



'உலக அழிவு' என்று ஒரு கட்டுரைத் தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். பத்தில் ஏழு மாணவர்கள் ஏதாவது ஓர் ஆங்கிலப் படத்தின் கதையைத்தான் எழுதுவார்கள். சாத்தான் நியூயார்க்கில் இறங்குவான், ஒரு பலசாலி துப்பாக்கியோடு வருவார், கடைசி நிமிடத்தில் உலகம் தப்பிக்கும். அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் அதோடு ஒரு வரியையும் சேர்த்துவிடுவார்கள்: "இது பைபிளில் முன்பே சொல்லப்பட்டுள்ளது." இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கு அந்த ஒரு வரிதான் காரணம். நம் வகுப்புகளில் இந்துக்கள், கிறிஸ்துவர்கள், முஸ்லிம்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருடைய வேதத்தில் என்ன இருக்கிறது என்பதை இன்னொருவர் ஹாலிவுட்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது சரியாக இருக்குமா?

முதலில் நூலைப் பார்ப்போம், பிறகு படங்களுக்கு வருவோம். இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம்தான் வரலாற்று மாணவனுக்கு வேண்டிய பாடம்.

இந்தப் படங்களெல்லாம் எடுத்தாளும் நூல் பைபிளின் கடைசி நூல். புரொட்டஸ்டண்ட் தமிழ் மொழிபெயர்ப்பில் அதற்கு 'வெளிப்படுத்தின விசேஷம்' என்று பெயர். கத்தோலிக்கர்கள் 'திருவெளிப்பாடு' என்பார்கள். மூலப் பெயர் 'அபோகலிப்சிஸ்' என்ற கிரேக்கச் சொல். திரையை விலக்கிக் காட்டுவது என்றுதான் அதற்குப் பொருள். இன்று ஆங்கிலத்தில் அதே சொல் பேரழிவைக் குறிக்கிறது. தமிழ்ப் பெயர்கள் இரண்டும் பழைய பொருளை விடாமல் வைத்திருக்கின்றன, கவனித்தீர்களா? மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

யோவான் என்பவர், இன்றைய கிரீஸ் நாட்டைச் சேர்ந்த பத்மு தீவில் இருந்தபோது, ஆசியா மைனரின் ஏழு திருச்சபைகளுக்கு எழுதிய நூல் இது. அந்த ஏழு ஊர்களும் இப்போது துருக்கியில் இருக்கின்றன. முதல் நூற்றாண்டின் இறுதியில், ரோமப் பேரரசர் டொமிஷியன் காலத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அன்றைக்குக் கிறிஸ்துவர்கள் மிகச் சிறிய கூட்டம். பேரரசரைக் கடவுளாக வணங்கச் சொன்ன நாட்டில் வணங்க மறுத்தவர்கள். ரோமைப் பெயர் சொல்லித் திட்ட முடியாது, திட்டினால் தலை போய்விடும். ஆகவே 'பாபிலோன்' என்று எழுதினார்கள். ஏன் பாபிலோன்? கி.மு. 586 வாக்கில் எருசலேம் ஆலயத்தை இடித்தவர்கள் பாபிலோனியர், கி.பி. 70இல் அதே ஆலயத்தை மறுபடி இடித்தவர்கள் ரோமர். வாசிப்பவருக்கு உடனே புரிந்துவிடும், அதிகாரிக்குப் புரியாது.

666 என்ற எண்ணும் அப்படி ஒரு மறைமொழிதான் என்கிறார்கள். கிரேக்கத்திலும் எபிரேயத்திலும் எண்களுக்குத் தனிக் குறிகள் இல்லை. எழுத்துகளே எண்களாகவும் பயன்பட்டன. தமிழ் மாணவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நம் பழைய எண்களில் ௧ 'க' போலவும் ௭ 'எ' போலவும் ௮ 'அ' போலவும் இருப்பதை நினைத்துக்கொண்டால் போதும். 'நேரோன் கேசார்' என்ற பெயரை எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்: 50, 200, 6, 50, பிறகு 100, 60, 200. மொத்தம் 666. கிறிஸ்துவர்களைத் துன்புறுத்தியதாகப் பெயர் பெற்ற நீரோ மன்னன்தான் அது என்று பல ஆய்வாளர்கள் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில பழைய கையெழுத்துப் படிகளில் 666க்குப் பதில் 616 என்றிருக்கிறது. 'நேரோன்' என்பதை 'நேரோ' என்று எழுதினால் கடைசி 50 போய்விடும், 616 வரும். கணக்கு எவ்வளவு அழகாகச் சரியாகிறது, பார்த்தீங்களா?

இன்னொன்று. இந்தப் படங்களில் வில்லனாக வரும் 'அந்திக்கிறிஸ்து' என்ற சொல் வெளிப்படுத்தின விசேஷத்தில் ஓர் இடத்தில்கூட இல்லை. அது யோவான் பெயரிலுள்ள நிருபங்களில் மட்டும் வருகிறது. (சில மாணவர்கள் 'அந்தி' என்பதை மாலை நேரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது கிரேக்க முன்னொட்டு, 'எதிரான' என்று பொருள். அந்திப் பொழுதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

நூலின் முடிவு என்ன? மிருகம் வீழ்கிறது, புதிய வானமும் புதிய பூமியும் வருகின்றன, கண்ணீர் துடைக்கப்படுகிறது. நமக்குப் பழக்கமான ஊழி போல இது திரும்பத் திரும்பச் சுழலும் காலம் இல்லை. நேர்க்கோட்டில் போய் ஓர் இடத்தில் முடியும் காலம். முக்கியமான விஷயம், அந்த முடிவை யாரும் தடுக்க வேண்டியதில்லை. தடுக்கவும் முடியாது. துன்பப்பட்டவர்கள் அதற்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு அது ஆறுதல் செய்தி.

இப்போது ஒரு சண்டைப் படத்தின் தேவையை யோசியுங்கள். அங்கே ஒரு நாயகன் வேண்டும். அவன் எதையாவது தடுக்க வேண்டும். சும்மா காத்திருக்கும் நாயகனுக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்? ஆக, இந்த நூலைச் சண்டைப் படமாக்குகிறவர், யோவான் ஆவலோடு எதிர்பார்த்ததை எதிரியாக மாற்றியே தீர வேண்டும். இந்தத் திருப்பம் ஒரே நாளில் நடக்கவில்லை. ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் பிடித்தது. ஒவ்வொரு படியிலும் அந்தந்த ஆண்டின் பயம் உள்ளே புகுந்துகொண்டது.

முதல் படியாக 1921ஐ எடுத்துக்கொள்ளலாம். ஸ்பானிய எழுத்தாளர் பிளாஸ்கோ இபான்யெஸ் முதல் உலகப் போரின் நடுவில், 1916இல், ஒரு நாவல் எழுதினார். அர்ஜென்டினாவில் ஒரு பணக்காரர். அவருடைய மருமகன்களில் ஒருவர் பிரெஞ்சுக்காரர், இன்னொருவர் ஜெர்மானியர். போர் வந்ததும் ஒரே குடும்பம் இரண்டு பக்கமும் நின்று சண்டை போடுகிறது. ரெக்ஸ் இங்கிராம் இதை 'தி ஃபோர் ஹார்ஸ்மென் ஆஃப் தி அபோகலிப்ஸ்' என்று ஊமைப் படமாக எடுத்தார். வெளிப்படுத்தின விசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தில் வரும் நான்கு குதிரைவீரர்கள் புகை மண்டிய வானத்தில் பாய்ந்து போவதைத் திரையில் காட்டினார். இங்கே சாத்தானும் இல்லை, சண்டை போடும் தேவதூதரும் இல்லை. குதிரைகள் ஓர் உவமை, அவ்வளவுதான். பதுங்குகுழிகளில் மாண்ட தலைமுறைக்கு அந்த உவமை போதுமானதாக இருந்தது.

அதே கதையை 1962இல் வின்சென்ட் மினெல்லி மறுபடி எடுத்தார். அதே குடும்பம், அதே குதிரைகள். போர் மட்டும் மாறிவிட்டது. இப்போது இரண்டாம் உலகப் போர், நாஜிகள். வரலாற்று வகுப்புக்கு இதைவிட நல்ல ஜோடி ஆதாரம் கிடைப்பது கஷ்டம்.

அடுத்த படி 1970கள். இதற்கு ஒரு பின்னணி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர், முடிவுக்கு முன் நம்பிக்கையாளர்கள் திடீரென்று வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள், பிறகு பூமியில் பெருந்துன்பம் வரும் என்று போதித்தார். 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்கவுரைப் பைபிள் அந்தக் கருத்தை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுபோனது. எல்லாக் கிறிஸ்துவர்களும் இதை ஏற்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை, பல புரொட்டஸ்டண்ட் சபைகளும் ஏற்பதில்லை. 1948இல் இஸ்ரேல் உருவானதும், 1967 போரில் எருசலேம் முழுதும் அதன் கைக்கு வந்ததும், இந்தக் கருத்துடையவர்களுக்குக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது போல் தோன்றியது. 1970இல் ஹால் லிண்ட்சி எழுதிய 'தி லேட் கிரேட் பிளானட் எர்த்' என்ற நூல் சோவியத் ஒன்றியத்தையும் ஐரோப்பியப் பொதுச் சந்தையையும் பைபிளின் உவமைகளோடு பொருத்திக் காட்டி, கோடிக்கணக்கில் விற்றது. 1972இல் 'எ தீஃப் இன் தி நைட்' என்ற சின்னப் படம் வந்தது. மனைவி விழித்தெழுகிறாள், கணவனைக் காணோம், அவனுடைய மின்சவரக் கருவி மட்டும் தானாக ஓடிக்கொண்டிருக்கிறது. திரையரங்குகளைவிடத் தேவாலயக் கூடங்களில்தான் அதிகம் ஓடிய படம்.

பெரிய ஸ்டூடியோக்கள் வேறு வழியில் போயின. 1968இல் 'ரோஸ்மேரீஸ் பேபி', 1976இல் ரிச்சர்ட் டோனரின் 'தி ஓமன்'. இரண்டிலும் சாத்தானுக்கு ஒரு குழந்தை. நூலைத் திறந்து பார்த்தால் கதை நேர்மாறாக இருக்கிறது. பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஒரு பெண் பிரசவ வேதனைப்படுகிறாள். வலுசர்ப்பம் பிறக்கப்போகும் குழந்தையை விழுங்கக் காத்திருக்கிறது. சர்ப்பம் அங்கே குழந்தைக்கு எதிரி. சினிமா அதைத் தகப்பனாக்கிவிட்டது! அதற்குப் பிறகு வந்த படங்கள் பைபிளைப் பார்த்து எடுக்கவில்லை, முன்னால் வந்த படத்தைப் பார்த்து எடுத்தன.

'தி ஓமன்' படத்தில் ஒரு பாதிரியார் தீர்க்கதரிசனப் பாட்டு ஒன்றைச் சொல்வார். வெளிப்படுத்தின விசேஷத்தில் உள்ளது என்பது போல் கதை நகரும். அப்படிப்பட்ட பாட்டே நூலில் இல்லை; திரைக்கதை ஆசிரியர் டேவிட் செல்ட்சர் எழுதியது. ரோமப் பேரரசு மறுபடி எழும் என்ற வரிக்குப் படம் தரும் விளக்கம் ஐரோப்பியப் பொதுச் சந்தை. 1957இல் ரோம் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் அல்லவா! பிரிட்டன் அதில் சேர்ந்தது 1973இல்; சேர்ந்தது சரிதானா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது 1975இல்; லண்டனில் நடக்கும் இந்தப் படம் 1976இல். பத்துக் கொம்பு மிருகத்துக்கும் அந்தச் சந்தைக்கும் முடிச்சுப் போட்டவர்களுக்கு 1981இல் கிரீஸ் பத்தாவது உறுப்பினரானபோது ஒரே உற்சாகம். 1986இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்து பன்னிரண்டாகிவிட்டது. கொம்புக் கணக்கு உதைத்தது.

படத்தின் முடிவையும் பாருங்கள். தீமையைத் தடுக்கப் போன தகப்பன் சுடப்பட்டுச் சாகிறான். அந்தப் பையன் அமெரிக்க அதிபரின் பக்கத்தில் நின்று, நம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். நிக்சன் பதவி விலகி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. வியட்நாம் போர் தோல்வியில் முடிந்து ஓர் ஆண்டு. தீமை வெள்ளை மாளிகைக்குப் பக்கத்திலேயே வளர்கிறது என்று சொன்னால் நம்பத் தயாராக இருந்த பார்வையாளர்கள் அவர்கள்.

இனி 1999. 'எண்ட் ஆஃப் டேஸ்' படத்தில் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் நம் மாணவர்கள் கட்டுரையில் எழுதுவது பெரும்பாலும் இந்த வார்ப்புதான். பீட்டர் ஹையம்ஸ் இயக்கம், அர்னால்டு சுவார்செனேகர் நாயகன், சுமார் 10 கோடி டாலர் செலவு, உலகம் முழுவதும் 21 கோடி டாலருக்கு மேல் வசூல். சாத்தான் ஒரு முதலீட்டு வங்கியாளரின் உடலுக்குள் புகுந்துகொள்கிறான் (வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம்). 1999 டிசம்பர் 31 இரவு 11 மணியிலிருந்து 12க்குள் கிறிஸ்டின் என்ற பெண்ணோடு அவன் சேர்ந்தால் உலகம் முடிந்தது. நாயகனின் பெயர் ஜெரிகோ கேன். ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் முதல் எழுத்துகளும் இயேசு கிறிஸ்துவின் முதல் எழுத்துகளும் ஒன்றே.

அந்த நேரம் எந்த ஊர் நேரம்? நாயகனே படத்தில் இதைக் கேலியாகக் கேட்கிறான். கோலாலம்பூரில் நள்ளிரவு அடிக்கும்போது நியூயார்க்கில் காலை 11 மணி. நம் கணக்குப்படி உலகம் அப்போதே புத்தாண்டுக்குள் வந்துவிட்டது!

666ஐத் தலைகீழாக்கினால் 999, அதனால்தான் 1999 என்றும் படம் சொல்கிறது. அந்த எண்ணுருவங்கள் இந்தியாவில் பிறந்து, அரபுகள் வழியாக, யோவானுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து ஐரோப்பாவுக்குப் போனவை. கிரேக்க எழுத்தில் எழுதிய எண்ணைக் கவிழ்த்தால் எதுவும் கிடைக்காது. தமிழில் பழைய முறைப்படி ௬௱௬௰௬ என்று எழுதிக் கவிழ்த்துப் பாருங்கள், பலகையே சிரிக்கும். ஆண்டுக் கணக்கும் அப்படித்தான். கிறிஸ்து பிறப்பை வைத்து ஆண்டு எண்ணும் முறையை 525இல் வகுத்தவர் டயோனிசியஸ் எக்ஸிகுவஸ் என்ற துறவி. அந்த முறையில் சுழிய ஆண்டே கிடையாது, ஆகவே மூன்றாம் ஆயிரத்தாண்டு தொடங்கியது 2001 ஜனவரி 1இல். போதாக்குறைக்கு, ஏரோது மன்னன் கி.மு. 4 வாக்கில் இறந்துவிட்டதால் இயேசு அதற்கும் முன்பே பிறந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஈராயிரம் ஆண்டு நிறைவு சத்தமில்லாமல் 1990களிலேயே போய்விட்டது.

அப்படியானால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? கணினியிலிருந்து. ஆண்டை இரண்டு இலக்கமாகப் பதிந்துவைத்த கணினிகள் '00' வந்ததும் குழம்பிவிடும் என்று வங்கி, விமான நிலையம், மின் நிலையம் எல்லாம் பதறிக்கொண்டிருந்த நேரம். டிசம்பர் 31 நள்ளிரவு என்பது நிஜமாகவே ஒரு கெடு. பழைய நூலின் உடையை அந்தக் கெடுவுக்குப் போட்டுவிட்டால் படம் தயார். அதே 1999 அக்டோபரில், கிறிஸ்துவத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றின் பின்பலத்தோடு வந்த 'தி ஒமேகா கோட்' முதல் வாரத்திலேயே அமெரிக்க வசூலில் முதல் பத்துக்குள் நுழைந்தது. பயம் எல்லாரிடமும் இருந்தது என்பதற்கு அதுவும் சாட்சி.

'எண்ட் ஆஃப் டேஸ்' படத்தின் கடைசிக் காட்சி எனக்குப் பிடிக்கும், படம் சுமார்தான் என்றாலும். இரண்டு மணி நேரம் சுட்டுத் தள்ளிய நாயகன் தேவாலயத்துக்குள் வந்ததும் துப்பாக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜெபிக்கிறான். சாத்தான் அவன் உடலுக்குள்ளேயே புகுகிறான். விழுந்து கிடக்கும் மிக்கேல் தூதரின் சிலையில் உள்ள வாள்மீது பாய்ந்து, தன்னைக் கொடுத்து அந்தப் பெண்ணைக் காப்பாற்றுகிறான். சண்டைப் படம் தன் சொந்த ஆயுதத்தைக் கைவிடும் அந்த ஒரு நிமிடத்தில் மட்டும் யோவானின் நூலுக்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது. அங்கேயும் வெல்வது ஓர் ஆட்டுக்குட்டி, அதுவும் அறுக்கப்பட்ட ஆட்டுக்குட்டி.

இதெல்லாம் சினிமாதானே, இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு 1993ஐ நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் வேகோ நகருக்கு அருகில் டேவிட் கோரேஷ் என்பவரின் தலைமையில் ஒரு சமயக் குழு வாழ்ந்தது. ஏழு முத்திரைகளைத் திறந்து விளக்கத் தன்னால் மட்டுமே முடியும் என்று அவர் போதித்தார். சட்டவிரோத ஆயுதங்களைத் தேடி பிப்ரவரி 28 அன்று அரசு அதிகாரிகள் போனபோது துப்பாக்கிச் சூட்டில் நான்கு அதிகாரிகளும் குழுவினர் ஆறு பேரும் இறந்தார்கள். பிறகு 51 நாள் முற்றுகை. வெளியே நின்ற ராணுவ வண்டிகள் உள்ளே இருந்தவர்களுக்கு நூலில் படித்த மிருகத்தின் படையாகவே தெரிந்தன. முத்திரைகளுக்கு விளக்கம் எழுதி முடித்ததும் வெளியே வருவதாக ஏப்ரல் 14 அன்று கோரேஷ் எழுதிக் கொடுத்தார். அதிகாரிகள் பலருக்கு அது நாள் கடத்தும் பேச்சாகத் தோன்றியது. ஏப்ரல் 19 அன்று கண்ணீர்ப்புகை, பிறகு தீ. 76 பேர் மாண்டார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. ஒரு தரப்பு நூலைத் தன் காலத்தின் செய்தித்தாளாக வாசித்தது. மறுதரப்பு அப்படி வாசிப்பவர்கள் இருப்பார்கள் என்பதையே பொருட்படுத்தவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து வந்த படத்தில் எல்லாமே பன்னிரண்டு மணிக்குள் சுபமாக முடிகிறது.

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு வந்த படங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். 'லெஃப்ட் பிஹைண்ட்' நாவல் வரிசை அந்த நேரத்தில்தான் உச்சத்தில் விற்றது. 2000இலும் 2014இலும் அதைப் படமாக்கினார்கள், இரண்டுமே சுவாரசியம் குறைவு. 2005இல் கீயானு ரீவ்ஸ் நடித்த 'கான்ஸ்டன்டைன்' ஒரு காமிக்ஸ் கதையிலிருந்து வந்தது. அங்கே சதி செய்வது கபிரியேல் தூதர்! மனிதர்கள் பேரழிவைச் சந்தித்தால்தான் நல்லவர்களாவார்கள் என்பது கபிரியேலின் வாதம். பெரிய அழிவு ஒன்றைப் பார்த்துவிட்டு, அதனால் நாம் நல்லவர்களானோமா என்று கேட்டுக்கொண்டிருந்த நாட்டில் வந்த படம் அது.

2010இல் 'லீஜியன்'. மனிதரை அழிக்கக் கடவுளே தூதர்களை அனுப்புகிறார். மிக்கேல் தூதர் தன் சிறகுகளை வெட்டிப் போட்டுவிட்டு, இயந்திரத் துப்பாக்கியோடு பாலைவனத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் காக்கிறார். பன்னிரண்டாம் அதிகாரத்துப் பெண் திரும்பி வந்துவிட்டாள், ஆனால் வலுசர்ப்பத்தின் இடத்தில் இப்போது வானம் நிற்கிறது. 2008 நிதி நெருக்கடியில் வீடும் வேலையும் போனவர்கள் பார்த்த படம் என்பதைச் சேர்த்து யோசியுங்கள். மேலே இருக்கிறவர்கள் நம்மைக் கைவிட்டார்கள் என்ற கோபம் அதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. இது என் ஊகம்தான். வகுப்பில் மறுத்துப் பேச விடலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. மேலே சொன்ன பல படங்களில் வன்முறையும் ஆபாசமும் உண்டு, வகுப்பில் போட்டுக் காட்ட ஏற்றவை அல்ல. சுவரொட்டிகளும், கதைச் சுருக்கமும், வெளியான ஆண்டும் போதும். பலகையில் ஒரு பக்கம் படத்தின் ஆண்டையும் மறுபக்கம் அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளின் முக்கிய நிகழ்வுகளையும் எழுதி, மாணவர்களையே கோடு இழுக்கச் சொல்லுங்கள். வகுப்பில் கிறிஸ்துவ மாணவர்கள் இருந்தால், விருப்பமிருப்பவர் ஆறாம் அதிகாரத்தையும் பன்னிரண்டாம் அதிகாரத்தையும் தமிழில் வாசித்துக் காட்டலாம். கட்டாயப்படுத்த வேண்டாம்.

மாணவர்களே, விடை எழுதும்போது "பைபிளில் சொல்லப்பட்டுள்ளது" என்று தொடங்குமுன் அது எந்த அதிகாரம் என்று உங்களால் சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் "1999இல் வெளிவந்த ஒரு படத்தில் காட்டப்பட்டுள்ளது" என்று எழுதுங்கள். மதிப்பெண் குறையாது. பயிற்சிக்கு ஒரு கேள்வி:

1921, 1962 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஒரே நாவல் இரு முறை படமாக்கப்பட்டது. இரண்டிலும் நான்கு குதிரைவீரர்கள் மாறவில்லை, போர் மட்டும் மாறியது. இந்த மாற்றத்தைக் கொண்டு, அவ்விரு காலத்துப் பார்வையாளர்களைப் பற்றி நீங்கள் என்ன முடிவுக்கு வரலாம், என்ன முடிவுக்கு வர முடியாது? (8 மதிப்பெண்)